தெருவோரப் புங்கமரத்தை ஒரு வருசம் பார்ப்பது எப்படி?

கோவையோ திருப்பூரோ ஈரோடோ, வீட்டுக்கு வெளியே இறங்கிப் பத்து மரம் எண்ணினால் அதில் ஒரு புங்கனாவது வந்துவிடும். நிழலுக்கென்று வைத்த மரம். அடியில் வண்டியை நிறுத்துகிறோம், இளநீர் குடிக்கிறோம், பஸ்ஸுக்கு நிற்கிறோம். ஆனால் போன வருசம் அது எந்த வாரம் இலையைக் கொட்டியது, எந்த வாரம் துளிர்த்தது என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரருக்கும் சொல்லத் தெரியாது. பழைய இலை போய்ப் புது இலை வருவது இரண்டு மூன்று வாரத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிற காரியம். அதைத் தவறவிடாமல் பார்த்து, அடுத்த வருசத்தோடு ஒப்பிடும்படி எழுதி வைக்கும் வழிமுறை இது. புங்கனை வைத்தே சொல்கிறோம். வேறு மரம் வைத்திருப்பவர்களுக்கான மாற்றங்கள் பின்னால் வரும்.

முதலிலேயே ஒன்று. காட்டில் நிற்கும் மரத்துக்கு மழை, வெயில், காற்று இவைதான் பருவம். தெருவில் நிற்கும் மரத்துக்கு இவற்றோடு தெருவிளக்கு, மின்கம்பி, சிமென்ட் தளம், உடைந்த குழாய், டீக்கடைக் கழுவுதண்ணி எல்லாமும் சேரும். அதனால் உங்கள் நோட்டில் பாதி மரத்தைப் பற்றியும் பாதி தெருவைப் பற்றியும் இருக்க வேண்டும். மரத்தை மட்டும் எழுதினால் வருசக் கடைசியில் தப்பான முடிவுக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

எந்த மரம்?

தினமும் தானாகக் கடந்துபோகிற மரமாக இருக்கட்டும். பால் வாங்கப் போகும் வழி, பிள்ளையை வேனில் ஏற்றும் முனை, இப்படி. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அழகான மரத்தை எடுத்தால் வைகாசிக்குள் போவது நின்றுவிடும்.

மரத்தின் தலை முழுவதும் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் தெரிய வேண்டும். காய்க்கும் வயசுக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு அடையாளம் தரையில் கிடக்கும்: பழுப்பு நிறத்தில், தட்டையாக, கட்டைவிரல் நீளத்தில், நுனி மூக்குப்போல் லேசாக வளைந்த நெத்து. புங்கன் நெத்து தானாக வெடிக்காது. விழுந்தது விழுந்தபடியே கிடக்கும், ஆகவே எந்த மாசம் தேடினாலும் வேலியோரத்தில் இரண்டாவது அகப்படும். சாலை விரிவாக்கத்துக்காகப் பெயின்டில் எண் போட்ட மரத்தை முதல் மரமாக எடுக்க வேண்டாம். அதையும் பதிவு செய்வது அவசியம்தான், ஆனால் இரண்டாவது நோட்டில் செய்யுங்கள்.

புங்கன்தானா என்று உறுதி செய்ய இலையைப் பாருங்கள். அது கூட்டிலை. ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள், எதிரெதிராக இணை இணையாக நின்று, நுனியில் ஒற்றையாக ஒன்று. பெரும்பாலும் அந்த நுனிச் சிற்றிலைதான் பெரிது. கசக்கினால் பச்சை வாடை குப்பென்று அடிக்கும். இங்கேதான் புதிதாக எழுத வருபவர்கள் முதல் தப்பு செய்கிறார்கள். ஒரு சிற்றிலையை ஓர் இலை என்று எண்ணிவிடுவார்கள். தரையில் கிடக்கும்போதும் சிற்றிலைகள் தனித்தனியாகவும் காம்புகள் வேறாகவும் கிடப்பதால் உதிர்வு உள்ளதைவிடப் பல மடங்காகத் தெரியும்.

எந்த மரம் என்றே தெரியாவிட்டால் பூவோ காயோ உள்ள சிறு கொத்தை, இலையோடு, செய்தித்தாள் மடிப்பில் வைத்து உலர்த்தி எடுத்துச் செல்லுங்கள். கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும் அதன் உலர்தாவரத் தொகுப்பும் இருக்கின்றன. வெறும் இலையைக் கொண்டுபோனால் எந்தத் தாவரவியலாளரும் தயங்குவார். பூ வேண்டும்.

முதல் நாள் வேலை

ஒரு லாங்சைஸ் நோட்டு, பென்சில், தையல் டேப், போன். இவ்வளவுதான் சாமான். பேனா வேண்டாம், ஐப்பசி மழையில் எழுத்து கரைந்துவிடும்.

நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். மரத்திலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி, வருசம் முழுக்க மாறாத ஓர் அடையாளத்தை ஒட்டி: மின்பெட்டி, கோவில் படி, காம்பவுண்டு முனை. வாராவாரம் அங்கேயே நின்று, போனை நிமிர்த்திப் பிடித்து, ஜூம் செய்யாமல் ஒரு படம். இன்னொரு படம் அடிமரத்தருகே நின்று நேர் மேலே. இரண்டாவது படத்தில் இலைக்கிடையே தெரியும் வானத்தின் அளவே உதிர்வைக் காட்டிவிடும், கணக்கே போட வேண்டாம்.

அடுத்து, நான்கு கிளைகள். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, தெருவிளக்கை ஒட்டி ஒன்று, மின்கம்பிப் பக்கம் ஒன்று. நோட்டில் மரத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு வட்டம் போட்டு அவற்றைக் குறியுங்கள். அதே வட்டத்தில் சாக்கடை எந்தப் பக்கம், சிமென்ட் எதுவரை, டீக்கடை எங்கே, விளக்குக் கம்பம் எங்கே என்பதும் வர வேண்டும்.

சுற்றளவு எடுப்பது வருசத்துக்கு ஒரு தடவை, தையில் போதும். தரையிலிருந்து 1.3 மீட்டர், அதாவது நாலேகால் அடி உயரத்தில் டேப்பைச் சுற்றி, சென்டிமீட்டரில் எழுதி, 3.14 ஆல் வகுத்தால் விட்டம். தையல் டேப் 150 சென்டிமீட்டர்தான் இருக்கும். பருத்த மரமானால் சணல் கயிற்றைச் சுற்றி அதை அளந்துகொள்ளுங்கள். அந்த உயரத்துக்குக் கீழேயே மரம் இரண்டாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொரு தண்டையும் தனியே அளக்க வேண்டும். தெரு மரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டும் நடைபாதைக்கு மேல் டைல்ஸ் ஒட்டியும் தரை நாலைந்து அங்குலம் ஏறிவிடும். அடுத்த தையில் தரையிலிருந்து அளந்தால் போன வருசம் அளந்த இடம் கிடைக்காது. ஆகவே அளந்த கோட்டுக்கு அருகே பட்டையில் உள்ள ஒரு முடிச்சையோ பழைய வெட்டுத் தழும்பையோ படம் எடுத்து, அதற்கு எத்தனை அங்குலம் மேலே அல்லது கீழே என்று எழுதி வையுங்கள். ஆணி அடித்து அடையாளம் வைக்கவே கூடாது. விளம்பரப் பலகைக்காரர்கள் அடித்த ஆணியே போதும் அதற்கு.

வாராவாரம் எழுதுவது

ஒரே கிழமை, ஏறக்குறைய ஒரே நேரம். ஞாயிறு காலை ஏழு மணி சரிப்பட்டு வரும். மாசி முதல் சித்திரை வரை மட்டும் வாரம் இரண்டு தடவை போங்கள். அந்தக் காலத்தில் ஒரு வாரம் தவறினால் துளிரின் தொடக்கம் தவறிவிடும்.

ஏழு கட்டம் போடுங்கள்: துளிர், முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, பூ, பச்சைக் காய், நெத்து. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மூன்றே மதிப்பெண். இல்லவே இல்லை என்றால் 0. மரத்தின் தலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் 1. அதற்கு மேல் என்றால் 2. நூற்றுக்கு இத்தனை என்று எழுத ஆசை வரும். வேண்டாம். இரண்டு பேர் ஒரே மரத்தைப் பார்த்தால் ஒருவர் நாற்பது என்பார், மற்றவர் அறுபது என்பார். மூன்றில் ஒரு பங்கைக் கண் ஏமாறாமல் பிடிக்கும்.

0 என்பதும் செய்திதான். பூ இல்லாத முப்பது வாரத்திலும் பூக் கட்டத்தில் 0 எழுதினால்தான், பூத்த வாரம் உண்மையிலேயே முதல் வாரமா என்று தெரியும். போகாத வாரத்துக்கு ஒரு கோடு இழுத்து விட்டுவிடுங்கள். முன்னும் பின்னும் பார்த்து நடுவில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நிரப்பாதீர்கள். நோட்டைக் கெடுப்பது மறதியைவிட இந்த நிரப்பல்தான்.

ஒரு வாரத்து வரி இப்படி இருக்கும்:

மாசி 24 (மார்ச் 8), ஞாயிறு, காலை 7.10. துளிர் 1, முற்றிய இலை 1, பழுத்த இலை 2, மொட்டு 0, பூ 0, பச்சைக் காய் 0, நெத்து 1. மேற்குக் கிளை மொட்டை. விளக்குப் பக்கக் கிளையில் பச்சை இலை நிறைய. கூட்டிவிட்டார்கள், தரை சுத்தம். மழை இல்லை, 19 நாளாக.

தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் சேர்த்தே எழுதுங்கள். நம் மாசம் சூரியக் கணக்கில் ஓடுவதால் பருவத்தோடு ஒட்டி நிற்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போதும் அதுதான் பயன்படும். "வேம்பு எப்போ பூக்குமுங்க?" என்று கேட்டால் ஏப்ரல் என்று யாரும் சொல்வதில்லை.

தரை சுத்தம் என்று மேலே எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. தூய்மைப் பணியாளர்கள் வந்து கூட்டிய பிறகு போனால் உதிர்வே இல்லாததுபோல் தெரியும். அவர்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் போய்விடுங்கள். அவர்களுக்கு அந்த மரத்தின் உதிர்வு உங்களைவிட நன்றாகத் தெரியும். எந்த வாரம் சாக்குப்பை நிறைகிறது என்று அவர்களைக் கேட்டால் போதும். டீக்கடைக்காரர் ஒருநாள் "ஏனுங்க, மரத்துல என்ன பாக்கறீங்க?" என்று கேட்பார். விவரமாகச் சொல்லுங்கள். கிளை வெட்ட எப்போது ஆள் வந்தது என்பதை அதன்பிறகு அவரே குறித்து வைத்துச் சொல்வார்.

தையிலிருந்து பங்குனி வரை

புங்கன் இலை தைக்குள் கிழடுதட்டிவிடும். பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மேற்புறத்தில் ஒழுங்கில்லாத வெள்ளைத் திட்டுகள் இருந்தால், இலையின் தோலுக்கு அடியில் புழு குடைந்து தின்ற இடம். விரல்நுனிபோல் குட்டி குட்டியாகப் புடைத்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் உண்டாக்கிய முடிச்சு. இரண்டும் சேர்ந்து பார்க்கவே பரிதாபமாக இருக்கும், ஆனால் மரத்துக்கு ஆபத்தில்லை. அந்த இலை எப்படியும் மாசியில் போய்விடும்.

பிறகு மஞ்சளாகி உதிரும். எல்லா மரமும் முழு மொட்டையாவதில்லை. ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் பச்சை என்று நிற்பதே அதிகம். அதற்குத்தான் நான்கு கிளைகளைத் தனியாகக் குறித்தோம். விளக்கை ஒட்டிய கிளையைக் குறிப்பாகக் கவனியுங்கள். பகல் எவ்வளவு நீளம் என்பதை மரம் இலையால் உணர்கிறது. இரவெல்லாம் வெளிச்சம் விழுந்தால் அந்தக் கணக்கு குழம்பும். விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் கிளைகள் இலையை வைத்துக்கொண்டே தாமதிப்பது நகர மரங்களில் பார்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் மரத்தில் எத்தனை நாள் தாமதம்? இரண்டு வருசம் எழுதினால் அந்த எண் உங்கள் கையில் இருக்கும்.

துளிரை எட்டிப் பார்க்க முடிந்தால் கிட்டத்தில் பாருங்கள். வெடித்த மொக்கிலிருந்து சிற்றிலைகள் விரியாமல் மடங்கி, துவண்டு, கீழ்நோக்கித் தொங்கும். நிறம் இளஞ்சிவப்புக் கலந்த செம்பு, மேலே எண்ணெய் தடவினாற்போல் மினுமினுப்பு. நிமிர்ந்து விரியும்போது எலுமிச்சைப் பச்சை. அப்புறம் நாளுக்கு நாள் கறுத்து முற்றிய பச்சை. செம்பு நிறம் சில நாள்தான் நிற்கும். துளிர் என்று எதுவரை எழுதுவது என்ற சந்தேகம் இங்கே வரும். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: தொட்டால் துணிபோல் துவண்டால் துளிர், தாள்போல் விறைத்து நின்றால் முற்றிய இலை. நிறத்தை வைத்து முடிவு செய்தால் காலை வெயிலில் ஒன்று, மேகமூட்டத்தில் ஒன்று என்று மாறும்.

சித்திரை, வைகாசி

இலைக்கணுக்களில் பழுப்பான சிறு மொட்டுக்கொத்துகள். ஒரு கோடை மழை பெய்தால் அதன்பின் எத்தனை நாளில் பூக்கிறது என்று எண்ணுங்கள். பூ அவரைப்பூ மாதிரி அமைப்பு, அரை அங்குலத்துக்குச் சற்று மேல், வெள்ளையில் இளஞ்சிவப்போ ஊதாவோ ஓடியிருக்கும். பழுப்புக் கிண்ணம்போன்ற புல்லியோடு வாடாமலே விழும். காலையில் தரையில் பொரி கொட்டினாற்போல் கிடப்பது இதுதான். ஆகவே தரையில் பூ நிறையக் கிடந்தாலும், பூக் கட்டத்துக்கு மதிப்பெண் மேலே பார்த்துத்தான்.

பூ முடிந்த பிறகு ஒரு பெரிய ஏமாற்று உண்டு. கொத்தில் பச்சையாக, உருண்டையாகக் காய்போல் சில பருத்திருக்கும். அது காயல்ல. ஒரு சின்ன ஈ சூலகத்தில் முட்டையிட்டு அது வீங்கிய முடிச்சு. பிளந்தால் விதை இருக்காது, உள்ளே புழு இருக்கும். உண்மையான பிஞ்சு ஆரம்பத்திலிருந்தே தட்டை. இந்த வேறுபாடு தெரியாமல் பச்சைக் காய் 2 என்று எழுதிவிட்டு, பின்னால் காய் எங்கே போயிற்று என்று தேடுவார்கள்.

ஆனி, ஆடிக் காற்று

பழைய இலக்கணப் பகுப்பில் ஆனியும் ஆடியும் முதுவேனில். நம் பக்கத்தில் அது பொருந்தாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்குகிற காலம் இது. பொள்ளாச்சியில் சாரலோடு வரும், கோவையில் தூறலோடு, காங்கேயம் தாராபுரம் போனால் வெறும் காற்றும் புழுதியும்தான். பல்லடம் உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்கு இந்தக் காற்றே காரணம். ஆகவே உங்கள் நோட்டை அடுத்த ஊர் நோட்டோடு ஒப்பிடும்போது முதலில் மழையை ஒப்பிடுங்கள்.

மழைக்கு நேர்ச்சுவர் கொண்ட ஒரு பாட்டிலை எடுத்து, கழுத்தை வெட்டி அதையே தலைகீழாகப் புனலாகச் செருகி, மொட்டை மாடியில் மறைப்பில்லாத இடத்தில் செங்கல்லால் அணைத்து வையுங்கள். காலை 8.30க்கு ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது, பேப்பரில் வரும் எண்ணோடு சரிபார்க்கலாம். அடி குழிந்த பாட்டிலானால் கற்களைப் போட்டு, அவை மூழ்கும்வரை தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தை 0 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆடிக்காற்றில் உதிர்ந்ததையெல்லாம் இலையுதிர்வு என்று எழுதாதீர்கள். தரையில் கிடப்பது பச்சையா மஞ்சளா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் மரமே விட்டது. பச்சை என்றால் காற்று பிய்த்தது. முறிந்த குச்சியோடு சேர்ந்து கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

புரட்டாசி முதல் மார்கழி வரை

இது நீண்ட, அமைதியான காலம். மழைக்குப் பின் நுனிகளில் ஒரு சிறு துளிர் வரும். சில மரங்கள் கொஞ்சம் பூவும் காட்டும். பச்சைக் காய் மெல்லப் பருத்துப் பழுப்பாகும். சித்திரையில் பூத்தது நெத்தாக முற்றுவதற்குப் பத்துப் பதினொரு மாசம் எடுக்கும். அதனால் அடுத்த பூ வரும்போதும் போன வருச நெத்து கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும். பூ 1, நெத்து 1 என்று ஒரே வாரத்தில் எழுத நேர்ந்தால் தப்பில்லை, அவை இரண்டு வருசத்துச் சரக்கு.

தெரு செய்யும் வேலைகள்

மின்கம்பிக்காகக் கிளை வெட்டினால் வெட்டிய இடத்தில் சில வாரத்தில் கொத்தாகத் துளிர் வெடிக்கும். அது பருவத் துளிர் அல்ல. வெட்டிய தேதியையும் எந்தக் கிளை என்பதையும் எழுதி, அந்தக் கிளையின் வரிக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். குடிநீர்க் குழாய் கசிந்தால் அந்தப் பக்கம் கோடையிலும் பச்சையாக நிற்கும். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசினால் விளைவு உடனே தெரியாது, அடுத்த கோடையில் நுனிகள் காய ஆரம்பிக்கும். பூசிய தேதி நோட்டில் இருந்தால் காரணத்தை அன்றைக்குத் தேட வேண்டியிருக்காது.

உதிர்வா, சாவா என்று பயம் வருவது இயல்பு. சோதனை எளிது. மரம் தானாக இலையை விடும்போது காம்படியில் ஒரு மெல்லிய பிரிவுப் படலத்தை உண்டாக்கித்தான் விடுகிறது, அதனால் இலை சுத்தமாகக் கழன்று விழும். திடீரென்று செத்த கிளைக்கு அந்தப் படலம் உண்டாக்க உயிரில்லை. இலை பழுப்பாகிக் காய்ந்து கிளையிலேயே தொங்கும். ஆகவே மொட்டைக் கிளையைவிடக் காய்ந்த இலையோடு நிற்கும் கிளைதான் கவலைக்குரியது. சந்தேகமானால் குச்சியின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை ஈரம் இருந்தால் உயிர் இருக்கிறது.

வேறு மரமானால்

வேம்பு மாசியில் உதிர்த்து, பங்குனியில் துளிர்த்து, சித்திரைக் கனிக்குச் சரியாகப் பூ கொடுக்கும். பழம் ஆனி ஆடியில். மழைக்காலத்தையொட்டி நுனிகள் கருகிக் காய்ந்தால் அது தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியும் பூஞ்சாணமும் செய்யும் நுனிக்கருகல். பெரும்பாலான மரங்கள் அடுத்த துளிரில் தேறிவிடும், கருகலுக்கென்று எட்டாவது கட்டம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தூங்குமூஞ்சி மாலையிலும் மேகமூட்டத்திலும் இலையை மூடுவதால் காலையில் மட்டும் பாருங்கள், இல்லையென்றால் உதிர்ந்ததாகத் தோன்றும். வாதாம் இலையைச் சிவக்க வைத்து உதிர்க்கும், வருசத்தில் இரண்டு தடவைகூட. அதனால் பழுத்த இலை என்ற கட்டத்தைச் சிவப்பு, மஞ்சள் என்று பிரித்துக்கொள்ளலாம். சரக்கொன்றையின் நீளக் காயும் முற்ற ஏறக்குறைய ஒரு வருசம் எடுக்கும், புங்கனுக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும். நெட்டிலிங்கமும் தென்னையும் இந்த முறைக்கு ஒத்துவராது.

இரண்டாம் வருசம்

எழுதியதைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சீசன்வாட்ச் என்ற பொதுமக்கள் அறிவியல் திட்டத்தில் உங்கள் மரத்தைப் பதிந்து வாராவாரம் ஏற்றலாம். அவர்களும் இலை, பூ, காய் என்று இல்லை, கொஞ்சம், நிறைய என்ற அளவில்தான் கேட்கிறார்கள். தெருவைப் பற்றிய பாதி மட்டும் உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்த பங்குனியில் முதல் துளிர்த் தேதியைப் போன வருசத் தேதிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பத்து நாள் முந்தியிருந்தால் உடனே தட்பவெப்பம் மாறிவிட்டது என்று சொல்லாதீர்கள். வரிசையாகப் பாருங்கள்: கிளை வெட்டினார்களா, விளக்கை மாற்றினார்களா, குழாய் கசிந்ததா, கார்த்திகை மழை எவ்வளவு, மாசியில் மழை உண்டா. நான்கு கிளைகளும் ஒரே அளவு முந்தியிருந்தால் காரணம் வானத்தில். ஒரு கிளை மட்டும் முந்தியிருந்தால் காரணம் தெருவில்.

நோட்டின் முதல் பக்கத்தில் மரத்தின் விலாசத்தை எழுதி வையுங்கள்: தெரு, எதிரே என்ன கடை, எந்தக் கம்பத்திலிருந்து எத்தனை அடி, எங்கே நின்று படம் எடுப்பது, சுற்றளவுத் தழும்பு எது. வீடு மாறிப் போகும்போது அதே தெருவில் இன்னொருவரிடம் நோட்டைக் கொடுத்தால், மறுநாள் காலை அவர் அதே இடத்தில் நின்று அடுத்த வரியை எழுத முடிய வேண்டும்.